பத்து லிட்டர் சீர்

ஆவணியிலதான் பொண்ணுக்குக் கண்ணாலம் முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே, அப்ப உங்களுக்கு இந்த வருசம் தலை தீவாளிங்க. மாப்பிள்ளைக்கு என்ன செய்யறதா ரோசனை? இன்னும் முடிவு பண்ணலீங்களா? அப்படின்னா நீங்க இந்த சீட்டுல வந்து உக்காந்தது நல்லதாப் போச்சு. பஸ்ஸு பெங்களூரு போய்ச் சேர இன்னும் எத்தனையோ நேரம் கெடக்குது. போன வருசம் எனக்குத் தலை தீவாளி. எனக்குன்னா, என்ற பொண்ணுக்கு. சொல்றேன், கேட்டுக்கங்க. நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாம இருந்தாச் சரி. தப்புன்னு என்ற சம்சாரம்தான் சொல்றா. நான் அப்படி நெனைக்கலீங்க.

என்ற பேரு நாச்சிமுத்து. கோயமுத்தூர் கணபதியில லேத்துப் பட்டறை வச்சிருக்கறேன். தண்ணி மோட்டாருக்குள்ள ஒரு தண்டு சுத்தும் பாருங்க, அதைக் கடைஞ்சு குடுக்கறதுதான் தொழிலு. ஒரு முடி அளவு பெசகுனாலும் சாமான் குப்பைக்குத்தான் போகும். அதனால அளவு விசயத்துல என்னை ஒருத்தரும் ஏமாத்த முடியாது. ஒரே பொண்ணு, இந்துஜா. பாப்பான்னுதான் கூப்பிடுவோம். பி.காம் படிச்சா. மாப்பிள்ளை ஹரிபிரசாத், கோபிப் பக்கம். பெங்களூருல பேங்க் வேலை. தங்கமான மனுசன். மூணு மாடி ஏறிப் போனா ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு, அவ்வளவுதான் ஊடு.

இதுல நீங்க முதல்ல என்ற சகலையைப் பத்தித் தெரிஞ்சுக்கோணும். சம்சாரத்தோட அக்கா ஊட்டுக்காரரு, வேலுச்சாமின்னு பேரு. அவரு மூணு வருசத்துக்கு முன்னால தலை தீவாளிக்கு மாப்பிள்ளைக்குப் பைக்கு வாங்கி, மாலை போட்டு வாசல்ல நிறுத்தினாரு. நூறு சிசி. அந்தப் பையன் ஒரு சுத்து சுத்தி வந்து பாத்துட்டு, "நூறுதானுங்களா மாமா"ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான். இன்னிக்கு வரைக்கும் சொந்தபந்தம், ஒறம்பரைக்குள்ள எங்க சகலைக்குப் பேரே நூறு சிசிதான். எழவு ஊட்டுல கூட "நூறு சிசி வந்துட்டாரா, எடுத்தரலாமா"ன்னு கேக்கறாங்க. அதைக் கண்ணால பாத்தவன் நான். என்ன ஆனாலும் மாப்பிள்ளைக்குச் செய்யறதை மட்டும் சின்னதாச் செஞ்சரக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

புரட்டாசியில ஒரு நாள் பாப்பா போன் பண்ணினா. "அப்பா, தீவாளிக்கு எனக்குப் பட்டுச்சேலை எடுக்காதீங்க. அதுக்குப் பதிலா ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேணும். கடையில ரெடியா விக்கறது இல்லை. தனித்தனியாச் சாமான் வாங்கி நாமளே கோக்கறது. சின்னதா, அடக்கமா. நான் எல்லாம் பாத்து வச்சிருக்கேன்ப்பா"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "கண்ணாலமாகி நாலு மாசம் ஆச்சு, இன்னும் விளையாட்டுச் சாமானா கண்ணு? மாப்பிள்ளை காதுல விழுந்தா என்ன நெனைப்பாரு? ஒழுங்கா மயில் கழுத்துக் கலர்ல ஒரு சேலை எடுத்துக்க"ன்னு சொல்லிப் போனை வச்சுட்டேன். அவளும் அதுக்கப்பறம் அதைப் பத்திப் பேசலை. நல்ல புள்ளைங்க, எதுக்கும் அடம் புடிக்க மாட்டா.

ஒம்பது நாள் கழிச்சு மாப்பிள்ளைக்கு நானே போன் போட்டேன். "தீவாளிக்கு என்ன வேணும், கூச்சப்படாமச் சொல்லுங்க"ன்னேன். "ஒண்ணும் வேண்டாமுங்க மாமா"ன்னாரு. நான் விடலை. கட்டாயப்படுத்தினதும், "ஒரு நிமிஷம் இருங்க மாமா"ன்னு போனைக் கையில மூடிக்கிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கற மாதர, "ஒரு சின்ன கேமிங் கம்ப்யூட்டர் மாமா. தனித்தனியாச் சாமான் வாங்கி நாமளே கோக்கறது. அடக்கமா இருக்கணும்"னாரு.

பாருங்க தெய்வச் செயலை! பாப்பா கேட்ட அதே சாமான். எனக்கு உடம்பெல்லாம் பூரிச்சுப் போச்சு. என்ன அறிவு, என்ன படிப்பு! கம்ப்யூட்டரை அவரே கோக்கறாராமா! ஓடிப்போய்த் துளசிமணிகிட்டச் சொன்னேன், துளசிமணிங்கறது என்ற சம்சாரம். அவ மொளகா கிள்ளிட்டு இருந்தவ நிமிந்து என்னை ஒரு மாதரயாப் பாத்தா. "ஏனுங்க, பாப்பா கேட்டதும் இதைத்தானுங்களே?"ன்னா. "பாப்பா கேட்டது விளையாட. மாப்பிள்ளை கேக்கறது வேற"ன்னேன். "என்ன வேற?"ன்னா. இதெல்லாம் எடுத்துச் சொன்னா வெளங்கறதுக்கு நேரம் புடிக்குமுங்க. நான் சட்டையை மாட்டிட்டு வெளிய போயிட்டேன்.

அப்பறம் தெனமும் மாப்பிள்ளைகூட இதே பேச்சுத்தான். "பொட்டி எத்தாப் பெருசு இருக்கோணும் மாப்பிள்ளை?" "ஒரு நிமிஷம் மாமா." போனை மூடுவாரு, வருவாரு. "பத்து லிட்டர் மாமா." லிட்டரா? பால் கேனா வாங்கப் போறோம்? எனக்கு நம்பிக்கையே வரலை. விசாரிச்சா நெசம்தானுங்க. இந்தச் சின்னப் பொட்டி பைத்தியம் புடிச்சவங்க எல்லாம் அளவை லிட்டர்லதான் சொல்வாங்களாமா. உள்ள எத்தனை எடம்கறது கணக்கு. எங்க ஊட்டுல அரிசி போட்டு வைக்கற டப்பாவே இருவது லிட்டரு. அதுல பாதிதான் மாப்பிள்ளையோட தலை தீவாளி சீரு. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க.

ஆனா ஒண்ணு சொல்லோணும். எதைக் கேட்டாலும் அந்த மனுசன் எடுத்தேன் கவுத்தேன்னு பதில் சொல்ல மாட்டாரு. "ஒரு நிமிஷம் மாமா." யோசிச்சு வந்து, அளந்து வெட்டின மாதர பதில் சொல்வாரு. ஒரு தடவை பக்கத்துல பாப்பா என்னமோ விடாமச் சொல்லிட்டே இருந்தா. "பாப்பா, மாப்பிள்ளை வேலையாப் பேசறப்ப காதுக்குள்ள தொணதொணங்காதே"ன்னு நான் போன்லயே ஒரு அதட்டுப் போட்டேன். மாப்பிள்ளை இருமினாரு. பெங்களூரு குளிரு அவருக்கு ஒத்துக்கறதில்லைன்னு நெனைச்சேன்.

கடைசியா லிஸ்டு வந்துது. பாப்பா நம்பர்லருந்துதான் வந்துது, மாப்பிள்ளைக்கு ஆபீசுல வேலை ஜாஸ்தி, அவளை அனுப்பச் சொல்லியிருப்பாரு. ஏழு சாமான். முதல்ல பொட்டி. உள்ள வைக்க ஒரு போர்டு, ரெண்டு உள்ளங்கை சேத்த அளவுதான். அதுக்கு மூளையா ஒரு பிராசஸர், தீப்பெட்டியில பாதி இருக்கும். அது சூடாகாம இருக்க ஒரு கூலர். ஞாபகம் வச்சுக்க ராம்னு குச்சியாட்ட ரெண்டு. கரண்டு குடுக்க ஒரு சப்ளை. எல்லாத்துக்கும் ராஜா, படம் ஓட்டற கிராபிக்ஸ் கார்டு, அதுல ரெண்டு ஃபேனு. ஒவ்வொண்ணுக்கும் நீளம், அகலம், ஒசரம் மில்லிமீட்டர்ல. அடியில செகப்பு எழுத்துல, "இதுக்கு மேல ஒரு மில்லி போனாலும் உள்ள போகாது"ன்னு போட்டிருந்துது. படிச்சதும் மாப்பிள்ளை மேல எனக்கு மருவாதி இன்னும் கூடிப் போச்சு. மில்லிக் கணக்குத் தெரிஞ்ச மனுசனைப் புடிச்சிருக்கறோமே!

இருந்தாலும் மனசு ஆறலீங்க. சீருங்கறது என்ன? தட்டுல வச்சுத் தூக்கிட்டு வந்து சபையில எறக்கறது. நாலு பேரு பாக்கோணும், பாத்துட்டு வயிறு எரியோணும். பத்து லிட்டர் பொட்டியைத் தட்டுல வச்சா பக்கத்துத் தட்டுல இருக்கற வாழைப்பழ சீப்பு அதை மறைச்சுப் போடும். ரெண்டு நாள் ரோசனை பண்ணினேன். பட்டறையில தண்டு கடையறப்ப பளிச்சுன்னு வழி கெடைச்சுது. பொட்டி சின்னதாவே இருந்துட்டுப் போகட்டும், மாப்பிள்ளை வார்த்தையைத் தட்ட வேண்டாம். உள்ள போறதைப் பெருசா வாங்கீரலாம்.

சிரிக்காதீங்க. அன்னிக்கு அது சரியாத்தான் பட்டுது.

காந்திபுரத்துல சிராஜ் பாய்னு ஒருத்தர் கம்ப்யூட்டர் சாமான் கடை வச்சிருக்கறாரு. லிஸ்டைக் கண்ணாடி போட்டு முழுசாப் படிச்சாரு. "ஐயா, இதை எழுதினவங்க ரொம்ப வெவரமானவங்க. ஒரு சொல் மாத்த வேண்டாம், அப்படியே எடுத்துக் குடுத்தர்றேன்"னாரு. எனக்குப் பெருமை தாங்கலை. "எங்க மாப்பிள்ளைதானுங்க"ன்னேன். எல்லாத்தையும் மேசை மேல அடுக்கினாரு. அந்த ரெண்டு ஃபேன் கார்டு வந்துது. அதைப் பாத்ததும் எனக்கு நூறு சிசி ஞாபகம்தான் வந்துது.

"மூணு ஃபேன்ல இல்லீங்களா பாய்?"

"இருக்குதுங்க. ஆனா அது நீளம். இந்தப் பொட்டிக்குள்ள போகாது."

"போகலீன்னா போக வைப்பேன். முப்பத்தொரு வருசமா போகாததைப் போக வைக்கறதுதானுங்க என்ற பொழப்பே."

"ஐயா, இது இரும்புத் தண்டு இல்லீங்க."

எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு கடையிலருந்தே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "மூணு ஃபேனாப் போட்டறட்டுங்களா மாப்பிள்ளை?" "ஒரு நிமிஷம் மாமா." அவரு மூடறதுக்குள்ள அந்தப் பக்கம் பாப்பா, "வேண்டாம்! வேண்டவே வேண்டாம்னு சொல்லுங்க!"ன்னு கத்தறது கேட்டுருச்சு. போனை அவகிட்டக் குடுக்கச் சொல்லி, "ஏன் கண்ணு, ஆம்பளைங்க ஒரு காரியம் பேசறப்ப குறுக்க விழறே? அப்பனுக்குச் செலவாகுதேன்னு பாக்காதே, நான் பாத்துக்கறேன்"னேன். சத்தமே இல்லை. சரின்னுட்டாளாட்ட இருக்குதுன்னு மூணு ஃபேனையே எடுக்கச் சொல்லிட்டேன்.

அடுத்தது ராமு. ரெண்டு குச்சி. நீங்களே சொல்லுங்க, நல்ல காரியத்துக்கு யாராச்சும் ரெட்டைப்படையில குடுப்பாங்களா? மூணாப் போடுங்கன்னேன். "ஐயா, போர்டுல சொருகறதுக்கு ரெண்டு எடம்தானுங்க இருக்குது"ன்னாரு பாய். "இருக்கட்டும். சீர்ல மொறைன்னு ஒண்ணு இருக்குது"ன்னேன். பாய் கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வச்சாரு. பில்லு போட்டுக் குடுத்துட்டாரு.

தீவாளியும் வந்துது. முந்தின நாளே பாப்பாவும் மாப்பிள்ளையும் வந்துட்டாங்க. சாமானையெல்லாம் பட்டறையில வச்சுப் பூட்டிட்டேன், ஒருத்தர் கண்ணுலயும் காட்டலை. பாப்பா மட்டும் மூணு தடவை வந்து, "அப்பா, ஒரே ஒரு தடவை பாத்துக்கட்டுமா?"ன்னா. "முதல்ல மாப்பிள்ளை கண்ணு படட்டும், அதுதான் மொறை"ன்னு தாட்டி உட்டுட்டேன்.

காத்தால எண்ணெ தேச்சுக் குளிச்சு, புதுத்துணி போட்டு, மாப்பிள்ளை கூடத்துல உக்காந்தாரு. ஒறம்பரை அம்புட்டும் வந்தாச்சு. சகலை முதல் வரிசையில சேர் போட்டு உக்காந்திருக்கறாரு. நான் ஒரு காரியம் பண்ணியிருந்தேன். அட்டைப்பொட்டியோட வச்சா உள்ள என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? அதனால அத்தனையும் பிரிச்சு வெளிய எடுத்து, ஒவ்வொண்ணையும் ஒரு வெள்ளித்தட்டுல வச்சு, சந்தனம் குழைச்சுப் பொட்டு வச்சு, மேல குங்குமம் வச்சுட்டேன். ஏழு தட்டு கம்ப்யூட்டரு, நாலு தட்டு பழம் பலகாரம். மொத்தம் பதினொண்ணு. கிராபிக்ஸ் கார்டை என்ற தங்கச்சி ரெண்டு கையிலயும் ஏந்திட்டு முன்னால வந்தா. மூணு ஃபேனு, ஒவ்வொண்ணு மேலயும் ஒரு பொட்டு. சகலை எந்திரிச்சு நின்னு பாத்தாருங்க. அந்த ஒரு நிமிசம் இருக்குதே, எனக்கு வேற ஒண்ணுமே வேண்டாம்னு இருந்துது.

பாப்பா வாயில கையை வச்சுட்டு நின்னா. சந்தோசத்துல அழறாளாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். "அப்பா, போர்டு மேல என்னப்பா ஈரம்?"ன்னா.

"சந்தனம் கண்ணு."

"ஐயோ அப்பா."

நான் அதைக் காதுல வாங்கலை. ஸ்க்ரூடிரைவரை ஒரு வெத்தலையில வச்சு மாப்பிள்ளை கையில குடுத்து, "ஆரம்பிங்க மாப்பிள்ளை, எல்லாரும் பாக்கட்டும்"னேன். அவரு அதை வாங்கி, கரண்டி புடிக்கற மாதர புடிச்சாரு. போர்டைப் பாத்தாரு, பாப்பாவைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "மாமா, எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க"ன்னாரு. நான் சகலைகிட்டத் திரும்பி, "என்ன அடக்கம் பாத்தீங்களா?"ன்னேன்.

"சரி, மாப்பிள்ளை கூச்சப்படறாரு, முதல் சாமானை நானே எறக்கி வைக்கறேன்"னு கார்டை எடுத்துப் பொட்டிக்குள்ள வச்சேன். போகலை. சாச்சுப் பாத்தேன், போகலை. தலைகீழாப் புடிச்சேன். அதுக்கும் மசியலை. ஒறம்பரை பாத்துட்டே இருக்கறாங்க. வேர்த்துப் போச்சுங்க எனக்கு. தங்கச்சிகிட்ட, "பட்டறையில பெரிய அரம் இருக்குது, எடுத்துட்டு வா. ரெண்டு இழுப்பு இழுத்தா எறங்கீரும்"னேன்.

"அப்பா, கையை எடுங்க."

பாப்பாதான். அப்படி ஒரு குரலை அவகிட்ட நான் கேட்டதே இல்லை. கையை எடுத்துட்டேன். அவ வளையலைக் கழட்டி மாப்பிள்ளை கையில குடுத்தா, அவரு தெனமும் வாங்கி வைக்கறவராட்ட வாங்கி வச்சுக்கிட்டாரு. முந்தானையை இடுப்புல சொருகிட்டுக் கீழ உக்காந்தா. ஸ்கேல் கேட்டு வாங்கி, கார்டை அளந்தா, பொட்டியை அளந்தா. "இது முந்நூத்தி முப்பத்தாறு. உள்ள முந்நூத்தி இருவத்திரெண்டு. பதினாலு மில்லி ஜாஸ்தி"ன்னா. எட்டிப் பாத்தேன். சரியாத்தான் படிச்சிருந்தா. அஞ்சே மாசத்துல மாப்பிள்ளை எத்தனை சொல்லிக் குடுத்திருக்கறாருன்னு அப்பவும் நெனைச்சனுங்க நான். பொய் சொல்லலை.

"எந்தக் கடைப்பா, நம்பரைக் குடுங்க"ன்னா. கை வேலையா இருந்ததால போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வச்சா. சிராஜ் பாய் எடுத்தாரு.

"அண்ணா, நான் கணபதி நாச்சிமுத்து பொண்ணு பேசறேன். அந்த லிஸ்டு..."

"அட, முன்னால போன்ல விசாரிச்ச மேடமா! அந்த லிஸ்டு நீங்க போட்டதுதானா? உங்ககிட்ட அந்தக் கூலரைப் பத்திப் பேசினதுலருந்து நான் எல்லாருக்கும் அதையே குடுக்கறேனுங்க. ஐயா மூணு ஃபேனைத்தான் எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. எப்படியும் திரும்பி வரும்னு உங்க ரெண்டு ஃபேனை யாருக்கும் விக்காம எடுத்து வச்சிருக்கறேன். வாங்க, எனக்கென்ன தீவாளியா, ஊடு கடைக்கு மேலதான்."

சகலைதான் மெதுவா, "அப்ப கம்ப்யூட்டரு மாப்பிள்ளைக்கு இல்லீங்களா?"ன்னாரு. மாப்பிள்ளை வளையலைக் கையில வச்சுட்டு எந்திரிச்சு நின்னாரு. "மன்னிச்சுக்கங்க மாமா. எல்லாமே அவதான். அந்த ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்னு போவேனே, அவகிட்டக் கேட்டுட்டு வரத்தான். நான் சும்மா தபால்காரனுங்க"ன்னாரு. சொல்லிட்டு அந்த மனுசனுக்கு மூஞ்சி அப்படித் தெளிஞ்சுது.

நானும் பாப்பாவும் என்ற மொபெட்டுல காந்திபுரம் போனோம். தலை தீவாளி அன்னிக்கு மாப்பிள்ளையை ஊட்டுல தனியா உட்டுட்டு மாமனாரும் பொண்ணும் கடைக்குப் போன கதையை நீங்க எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கறீங்களா? தெருவெல்லாம் வெடிக் குப்பை. அவ பின்னால கார்டை மடியில வச்சுட்டு உக்காந்திருக்கறா. எனக்கு ஆத்திரம். நாலு பேரு முன்னால மானம் போச்சேன்னு. சிக்னல்ல நிறுத்தினப்ப கேட்டுட்டேன். "ஏன் கண்ணு, வேணும்னா என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாம்ல? எதுக்கு மாப்பிள்ளையை விட்டுச் சுத்தி வளைச்சுக் கேக்கறே?"

"கேட்டேன்ப்பா"ன்னா.

அவ்வளவுதாங்க சொன்னா. கோவமாக்கூடச் சொல்லலை. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். பச்சை விழுந்துருச்சு, பின்னால ஆரன் அடிக்கறாங்க, எனக்கு வண்டியை எடுக்கத் தோணலை. அவளே தோளைத் தட்டி, "போங்கப்பா"ன்னா. போனேன்.

கடையில அவளும் பாயும் பேசினாங்க பாருங்க, முக்கா மணி நேரம். அந்தப் பக்கம் காத்து வருமா, இந்தப் பக்கம் சூடு போகுமான்னு. நான் பையைப் புடிச்சுட்டு ஓரமா நின்னேன். நடுவுல ஒரு தடவை, "ஏன், ஃபேனைத் திருப்பிப் போட்டா என்ன?"ன்னேன். ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க. பாப்பா, "அதையும் யோசிச்சேன்ப்பா, அப்ப சப்ளைக்குக் காத்துப் போகாது"ன்னா. எனக்குப் பதில் சொல்லி வெளக்கினா, பட்டறையில நான் கூட லேத்து ஓட்டற டர்னருக்குச் சொல்ற மாதர. வெளங்குச்சு எனக்கு. மூணாவது ராமைத் திருப்பி எடுத்துக்கறேன்னு பாய் சொன்னாரு, நான்தான் வேண்டாம்னுட்டேன். அது இப்ப எங்க ஊட்டுல சாமி படத்துக்கிட்ட இருக்குது. துளசிமணி செவ்வாய் வெள்ளி பூ வைக்கறா. கிண்டலுக்குத்தான் வைக்கறான்னு எனக்குத் தெரியும்.

ஊட்டுக்கு வந்து, பஞ்சும் ஸ்பிரிட்டும் வச்சுச் சந்தனத்தையெல்லாம் தொடைச்சு எடுத்து, ஒவ்வொண்ணாக் கோத்தா. ஒறம்பரை கறிச்சோறு தின்னு முடிச்சுச் சுத்தி உக்காந்துட்டாங்க. மாப்பிள்ளை அவ வாயில ஒரு வாய் ஒரு வாயா ஊட்டி உடறாரு, சபையில! ஒயரையெல்லாம் அந்தப் பத்து லிட்டருக்குள்ள அவ மடிச்சு வச்ச வாகு இருக்குதே, அதைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. தேடித்தான் பாத்தேன். பெங்களூருலருந்து கொண்டாந்த டிஸ்க்கு, ஸ்க்ரீனையெல்லாம் மாட்டிச் சுவிச்சைப் போட்டதும் நீல வெளிச்சம் வந்து ஃபேனு சுத்துச்சு. சகலை கை தட்டினாரு. அப்பறம் நெட்டுல விளையாடக் காதுல ஒண்ணை மாட்டிட்டு உக்காந்தவதான். எந்த ஊருன்னே தெரியாத நாலு ஆம்பளைங்களை, "எடது பக்கம் போ! ஏன்டா நிக்கறே, மூடு அந்தக் கதவை!"ன்னு வெரட்டறா. அவனுங்களும் சரி சரிங்கறானுங்க. துளசிமணி என்ற காதுல வந்து, "பட்டறையில நீங்க போடற சத்தமாட்டவே இருக்குதுங்க"ன்னா. இருந்துது.

இதெல்லாம் நடந்துங்கூட ஒறம்பரைக்குள்ள என்ற பேரு இப்ப என்ன தெரியுங்களா? பதினாலு மில்லி. சகலைதான் ஆரம்பிச்சு வச்சாரு. வச்சுட்டுப் போகட்டும். யாராச்சும் கேட்டா இன்னமும் மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் செஞ்சேன்னுதான் சொல்றேன். சீருன்னா மாப்பிள்ளைக்குத்தானுங்களே செய்யறது? அதுல என்ன தப்பு? அதனால உங்களுக்கு நான் சொல்ற ரோசனை ஒண்ணே ஒண்ணுதான். கம்ப்யூட்டர் வாங்கினீங்கன்னா ராமை ரெட்டைப்படையிலயே வாங்கிக்கங்க, மொறை பாக்காதீங்க.

இப்ப எதுக்குப் பெங்களூரு போறேன்னு கேக்கறீங்களா? மடியில இருக்கற இந்தச் சின்னப் பொட்டலத்தைக் குடுக்கத்தான். அது போன வாரம் நடந்ததுங்க. பாப்பா இப்பல்லாம் அவங்க அம்மா போனுக்குத்தான் கூப்பிடுவா. தீவாளிக்கப்பறம் பத்து மாசமா அப்படித்தான். எனக்கு எதாச்சும் சொல்லோணும்னா துளசிமணி ஒரு நிமிசம்னு போனை மூடிட்டு வந்து சொல்வா, நான் பதில் சொல்வேன், அவ போய்ச் சொல்வா. போன புதன்கிழமை பட்டறையில வேலையா இருக்கறப்ப என்ற போனு அடிக்குது. பாத்தா பாப்பா. பதறிப் போய் மெஷினை நிறுத்திட்டு எடுத்தேன்.

"அப்பா, பொட்டிக்கு அடியில காத்துப் போகலை, சூடாகுது. கொஞ்சம் தூக்கி நிறுத்தோணும். பித்தளையில நாலு கால் கடைஞ்சு தருவீங்களா?"

எனக்கு வாயில என்ன வந்துதுன்னு நெனைக்கறீங்க? பழக்கதோசம். "மாப்பிள்ளை கேட்டாரா கண்ணு?"ன்னுட்டேன். சொன்னதுக்கப்பறம்தான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

"இல்லப்பா. எனக்குத்தான் வேணும்"னா.

பென்சிலைக் காதுலருந்து எடுத்து, லேத்து மேலயே எழுதறதுக்கு எடம் பண்ணிக்கிட்டேன். "ஒசரம் சொல்லு"ன்னேன்.

"பன்னெண்டு மில்லிப்பா."

"பன்னெண்டுன்னா? பாயிண்டு எத்தனை கண்ணு?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுது. அது சிரிப்பா அழுகையான்னு இன்னும் எனக்குச் சரியாத் தெரியலீங்க. "பன்னெண்டு பாயிண்டு அஞ்சு"ன்னா. எழுதிக்கிட்டேன்.